பின்னல் போடும் பத்து நிமிடம்

மகளின் சின்னச் சின்னப் பொழுதுகளைச் சேர்த்துவைக்க ஃபோனை எடுப்பதைவிட, அவற்றைப் பற்றி அவளோடு பேசிவிடுவதே மேல். மூன்று வயதுக்கு முந்தியவை வளர்ந்தபின் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. அதன்பின் எது தங்கும் என்பதில் அம்மாவின் பேச்சுக்கும் பங்குண்டு. நடந்ததை விரித்துக் கேட்டுப் பேசும் தாய்மாரின் பிள்ளைகள் பின்னாளில் அதிகம் நினைவுகூர்வதை எலேன் ரீஸ், ராபின் ஃபைவுஷ் முதலான உளவியலாளர்கள் 1993-இல் எழுதினார்கள். எனவே தலைவாரும்போது, "நேத்து ஜாலியா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடியும். "கோயில் யானை உன்னைப் பார்த்து என்னடி பண்ணுச்சு?" என்று கேளுங்கள். அவள் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்து மறுபடி கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்த வேண்டாம்.

வேலைக்குப் போகிற அம்மாவுக்கு நேரம் ஏது என்பீர்கள். நியாயம்தான், ஆனால் பின்னலும் குளியலும் சோறூட்டலும் எப்படியும் நடப்பவை, தனி நேரம் தேவையில்லை. படம் எடுத்தால் போதாதா? லிண்டா ஹென்கலின் 2014 ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள் அவற்றை வெறுமனே பார்த்தபோது இருந்ததைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு; ஆனால் ஃபோன் பிடிப்பதும் நீங்கள்தானே. எடுத்த படங்களை இரவில் அவளோடு பார்த்துப் பேசினால் அவையும் உதவும்.