ஐம்பது வயதுக் காரைக் காப்பது எது?

'கூபே' என்னும் கார் வகையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிரெஞ்சு படிக்கும் புதுவை மாணவர்கள் 'வெட்டப்பட்டது' என்று உடனே பொருள் சொல்லிவிடுவார்கள். இரண்டே கதவுகளும் பின்னோக்கிச் சரியும் கூரையும் கொண்ட கார் அது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் '3.0 சி.எஸ்.' இவ்வகையில் புகழ்பெற்றது. இந்தக் கார் வரிசை 1968 முதல் 1975 வரை தயாரிக்கப்பட்டது. பக்கச் சன்னல்களுக்கு நடுவே தூண் கிடையாது. கண்ணாடிகளை இறக்கினால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு! ஆனால் இவற்றுள் பல துருவுக்கு இரையாகிவிட்டன. எனவே இன்று இக்காரை வாங்க வருபவர், அதன் அழகை ரசிக்குமுன் குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்கிறார்.

துருப்பிடித்தல் என்பது ஒரு மின்கலத்தின் வேலையே. ஈரம் படிந்த இரும்பின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் இரும்பு வழியே ஓடி, வேறோர் இடத்தில் நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிகின்றன. நீரில் உப்பு கலந்தால் மின்சாரம் எளிதில் பாயும், துருவும் விரையும். ஜெர்மனியில் குளிர்காலச் சாலைகளில் பனியை உருக்க உப்பு தூவுவார்கள். கருவடிக்குப்பத்திலோ கடற்காற்றே உப்பைக் கொண்டுவருகிறது! உங்கள் சைக்கிளையும் சன்னல் கம்பியையும் பாருங்கள்.

துருவின் பருமன், அது உண்டான இரும்பின் பருமனைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே உள்ளே துரு வளர வளர, மேலுள்ள வண்ணப்பூச்சு கொப்புளித்து உரிகிறது.

இதற்கு மாற்று என்ன? துத்தநாகத்தின் திட்ட மின்னழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44 வோல்ட். எனவே இரண்டும் தொட்டிருந்தால் துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். 1985இல் ஆடி நிறுவனம் தன் 'ஆடி 100' காரின் உடற்கூடு முழுவதற்கும் துத்தநாகக் காப்பு அளித்தது. பழைய கூபேக்கு அந்தக் காப்பு இல்லை. உப்பைக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, உட்குழிவுகளில் மெழுகு பூசிய கைகளே அதைக் காத்தன. அதன் மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

செய்து பாருங்கள்: இரு கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் ஊற்றுங்கள். ஒன்றில் இரும்பு ஆணியைத் தனியே இடுங்கள். மற்றதில் துத்தநாகத் துண்டை இறுகக் கட்டிய ஆணியை இடுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சிந்தியுங்கள்: துத்தநாகத்துக்குப் பதில் செப்புக் கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்?