கம்பியூட்டர் வேலைக்குப் பட்டம் கட்டாயமா?



உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் லயத்து இஸ்தோப்புகளில் மூன்று கேள்விகள் அடிக்கடி காதில் விழும். "கம்பியூட்டர் வேலைக்குப் போகணும்னா கெம்பஸ் போயே ஆகணுமா?" "கெம்பஸ் கிடைக்காட்டி பிள்ளையைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்ப வேண்டியதுதானா?" "தோட்டை அடகு வச்சாவது தனியார் கோர்ஸ் ஒன்றில சேர்த்து விடலாமா?" இம்மூன்றுக்கும் இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாக விடை தேடுவோம்.

1. கம்பியூட்டர் வேலை என்பது ஒரே வேலை அல்ல

தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். கொழுந்து வாட்டுபவர், அரைப்பவர், சலிப்பவர், இயந்திரம் பழுது பார்ப்பவர், டீமேக்கர் என்று பலர் உள்ளார்கள். எல்லோருக்கும் ஒரே படிப்புத் தேவையில்லை. கம்பியூட்டர் துறையும் அப்படித்தான்.

பழுது பார்த்தல், அலுவலகங்களில் வலையமைப்புக் கம்பி இழுத்துப் பொருத்துதல், பாவனையாளர்களுக்கு உதவி செய்தல், இணையத்தளம் அமைத்தல், மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதித்தல் ஆகிய வேலைகளைச் சான்றிதழோ டிப்ளோமாவோ பெற்று, கைப்பழக்கத்தோடு தொடங்கலாம். மென்பொருள் எழுதும் வேலைக்கு இலங்கையின் பெரிய கம்பனிகள் பெரும்பாலும் பட்டதாரிகளைத் தேடுகின்றன. ஆனாலும் திறமையைச் செய்து காட்டுபவருக்கு அங்கேயும் வாசல் முழுதாக மூடியில்லை. ஆராய்ச்சி, பல்கலைக்கழக விரிவுரை போன்றவற்றுக்குப் பட்டமும் அதற்கு மேற்பட்ட படிப்பும் வேண்டும்.

ஆகவே "பட்டம் வேணுமா?" என்று கேட்கும் முன், "எந்த வேலைக்கு?" என்று கேட்க வேண்டும்.

2. பட்டம் என்ன தருகிறது?

முதலாவது, அடித்தளம். கணிதம், தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறைகள், கணினி உள்ளே இயங்கும் விதம் ஆகியவற்றை மூன்று நான்கு வருடம் ஒழுங்காகப் படிக்கிறார்கள். மென்பொருள்கள் பத்து வருடத்தில் மாறிப் போகும். இந்த அடிப்படை அவ்வளவு சீக்கிரம் மாறாது. இரண்டாவது, தொழிற்பயிற்சி. பட்டப் படிப்புக்கு இடையில் மாணவர்கள் பல மாதம் கம்பனிகளில் பயிற்சி பெறுகிறார்கள். பலருக்கு முதல் வேலை அங்கேயே கிடைத்து விடுகிறது. மூன்றாவது, முதல் கதவு. நூறு விண்ணப்பம் வந்தால் பட்டம் உள்ளவற்றை முதலில் எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஐந்தாறு வருடம் வேலை செய்த பிறகு, "என்ன படிச்சீங்க?" என்பதை விட "என்ன செய்தீங்க?" என்ற கேள்விதான் பெரிதாகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். எங்கள் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த மாணவருக்கு 1981 முதல் மகாபொல உதவிப் பணமும் உண்டு. அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு மேலாக நுவரெலியா, பதுளை உட்படக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் தனியாக ஒதுக்கப்படுகிறது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்தது. பிள்ளைக்கு இடம் கிடைத்தால், "நாலு வருஷம் யார் பார்க்கிறது, சம்பாதிக்கட்டும்" என்று தடுத்து விடாதீர்கள். திரும்பக் கிடைக்காத வாய்ப்பு அது.

3. பட்டம் இல்லாமல் முன்னேறியவர்கள்

"பில் கேட்ஸ் படிப்பை விட்டவர்தானே?" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. உண்மைதான். 1975இல் அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி மைக்ரோசொஃப்ட் கம்பனியைத் தொடங்கினார். ஆனால் கதையின் முன்பாதியை யாரும் சொல்வதில்லை. 1968இல் அவர் படித்த பாடசாலையில் தாய்மார் சங்கம் பழைய பொருள் விற்றுச் சேர்த்த பணத்தில் கணினி வசதி ஏற்படுத்திக் கொடுத்தது. பதின்மூன்று வயதிலிருந்து அவர் அதிலேயே கிடந்து பழகினார். பல்கலைக்கழகத்தை விட்டபோது அவர் கையில் ஏழு வருடப் பழக்கம் இருந்தது. பட்டத்தை விட்டாரே தவிர, படிப்பை விடவில்லை.

எங்களுக்குக் கிட்டிய உதாரணம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. ஸோஹோ என்ற மென்பொருள் கம்பனி, இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளோமாவோ முடித்த பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள். கட்டணம் வாங்காமல், மாதம் உதவிப் பணமும் கொடுத்துக் கற்பிக்கிறார்கள். அவர்களில் பலர் அங்கேயே மென்பொருள் எழுதுகிறார்கள். தென்காசிக்கு அருகே கிராமத்திலும் அந்தக் கம்பனி 2011 முதல் இயங்குகிறது. ஆனால் கவனியுங்கள். பட்டம் இல்லாத இந்தப் பிள்ளைகளும் சும்மா வேலைக்குப் போகவில்லை. இரண்டு வருடம் தினமும் படித்துப் பழகிய பிறகே போனார்கள். அந்தக் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பட்டத்தின் பெறுமதி தெரிந்தவரே, அது ஒன்றே வழியல்ல என்றும் கண்டிருக்கிறார்.

4. இலங்கையில் உள்ள படிகள்

கெம்பஸ் கிடைக்காத பிள்ளைக்கு வழி அடைந்து போகவில்லை. படிப்படியாக ஏறும் ஏணி ஒன்று உண்டு. அதன் பெயர் தேசிய தொழில் தகைமை. என்.வி.கியூ. என்று சொல்வார்கள். அதில் 7 மட்டங்கள். 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். கீழ்ப் படியில் ஏறியவர் வேலை செய்து கொண்டே மேலே போகலாம். இந்த வழியில் வருபவர்களுக்காகவே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் உருவானது.

ஏற்கெனவே ரிப்பெயார் கடையில் தொழில் பழகியவர்கள், வகுப்புக்குப் போகாமலே பரீட்சகர் முன் வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் பெறும் ஏற்பாடும் உண்டு. கைத்தொழில் தெரிந்தும் கடதாசி இல்லாத எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

உயர்தரம் சித்தியடைந்தவர்களுக்கு அரச உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் பீ.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. முதல் வருடத்தோடு நிறுத்தினால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா, மூன்றும் முடித்தால் பட்டம். குடும்பக் கஷ்டத்தால் இடையில் நிறுத்த நேர்ந்தாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. ஆனால் படிப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான்.

5. எங்கே பட்டம் இல்லாமல் முடியாது?

அரச பதவிகளுக்குத் தேவையான தகைமை வர்த்தமானியில் எழுதப்பட்டிருக்கும். அதில் பட்டம் என்றிருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. வெளிநாட்டு விசாவிலும் இந்தத் தடை வரும். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்குப் பட்டமோ அதற்குச் சமமான அனுபவமோ கேட்பார்கள். ஜப்பானில் பொறியியலாளர் விசாவுக்குப் பொதுவாகப் பட்டம் அல்லது பத்து வருட அனுபவம் வேண்டும். ஆகவே பட்டமில்லாமல் வேலையில் சேர்ந்தவரும் பிற்பாடு வெளிவாரியாகப் பட்டம் ஒன்றைப் பெற்றுக் கொள்வது புத்தி.

6. காசு கட்டும் முன்

நகரங்களில் "ஆறே மாதத்தில் மென்பொருள் பொறியியலாளர்" என்று விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். நோட்டீசைப் பார்த்து நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். முதலில் இவற்றைக் கேளுங்கள்.

• நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா?
• நிறுவனப் பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. சேரப் போகும் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா? என்.வி.கியூ. எத்தனையாம் மட்டம்?
• பட்டம் என்றால் அதை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக் கொள்கிறதா?
• முழுச் செலவு எவ்வளவு? பரீட்சைக் கட்டணமும் சேர்த்தா? இடையில் நின்றால் காசு திரும்புமா?
• அரச பயிற்சி நிலையத்தில் இதே பாடம் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இருக்கிறதா?

கேட்க வெட்கப்பட வேண்டாம். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் காசு கட்ட வேண்டாம்.

7. பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கச்சி, எந்த வழியில் போனாலும் இரண்டு பாடங்களை விட்டு விடாதீர்கள். ஒன்று கணிதம், மற்றது ஆங்கிலம். மென்பொருள் மொழிகளைக் கற்றுக் கொடுக்கும் புத்தகங்களும் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. பைதன் போன்ற மொழிகளுக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. படிப்பதோடு நிற்காமல் ஏதாவது ஒன்றைச் செய்து பாருங்கள். மரணாதார சங்கத்தின் சந்தாக் கணக்கு, கடன் கொப்பி, பச்சைக் கொழுந்து நிறை, எதுவாயினும் சரி. அதற்குச் சிறு மென்பொருள் ஒன்று எழுதி வைத்திருந்தால், நேர்முகப் பரீட்சையில் எடுத்துக் காட்ட உங்களிடம் ஒரு வேலை இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், பட்டம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கா விட்டால் மனம் உடைந்து போகாதீர்கள். பட்டம் இல்லாமலும் தொடங்கலாம், படிப்பு இல்லாமல் தொடங்க முடியாது. கடை வேலைக்கு அனுப்ப முடிவு செய்யும் முன், அரச பயிற்சி நிலையத்தில் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

வீட்டில் கலந்து பேச

1. எங்கள் பிள்ளைக்குப் பிடித்தது பழுது பார்ப்பதா, மென்பொருள் எழுதுவதா?
2. வீட்டுக்குக் கிட்டிய அரச பயிற்சி நிலையம் எது? யார் போய் விசாரிப்பது?
3. தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலையிலோ உள்ள கம்பியூட்டர் பிள்ளைகள் பாவிக்கக் கிடைக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லி யாரிடம் கேட்கலாம்?