மீனுக்கு உப்பு போட்டால் ஏன் தண்ணி விடுது?

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைப் பார்த்து ‘செல்’ என்று பெயர் வைத்தார். பழவேற்காடு ஏரி மீனின் உடம்பும் செல்களால் ஆனதுதான். செல்லைச் சுற்றி மெல்லிய செல் சவ்வு உண்டு. அது தண்ணீரைச் சுலபமா விடும், உப்பை அப்படி விடாது. வெளியே உப்பு அதிகமானால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறும். இதுவே சவ்வூடு பரவல்.

மீனை அழுக வைக்கும் பாக்டீரியாவும் ஒரு செல்தானே? உப்பில் அதுவும் தண்ணீர் இழந்து வளர முடியாது. அதனால்தான் கருவாடு கெடுவதில்லை. உப்பு குறைஞ்சா நாறிடும்!

நம் செல்களுக்கு ஏற்ற உப்புக்கரைசல் சுமார் 0.9%. கடல்நீரிலோ சுமார் 3.5%. அதைக் குடித்தால் செல்கள் நீர் இழந்து சுருங்கும், தாகம் கூடும், உயிருக்கே ஆபத்து. படகில் போகும்போது குடிதண்ணீர் கேனை மறக்காதீங்க!

யோசியுங்கள்: உப்பில் ஊறிய மாங்காய் ஏன் சுருங்குது?