வெறுந்தேநீரும் குருதிக்கலன்களும்

இருதய நோய்க்கு மருந்துண்ணும் வகுப்புத்தோழர் ஒருவர், “தேநீர் நாடிகளைக் காக்கும் என்கிறார்களே, அவ்வாறாயின் மாத்திரை எதற்கு?” என்று என்னை வினவினார். இக்கட்டுரை அவருக்கு யான் அளிக்கும் விடையாகும்.

நாடிகளின் உட்புறத்தை ஒரே அடுக்கான கலங்கள் போர்த்தியுள்ளன. இதனை அகவணி என்பர். இது குழாயின் உட்பூச்சுப் போன்றதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நியூயோர்க்கில் ரொபேட் பேர்ச்கொட் என்னும் அறிஞர், முயலின் பெருநாடித் துண்டுகளில் அசற்றைல்கோலினை இட்டுச் சோதித்தார். சில துண்டுகள் தளர்ந்தன, சில சுருங்கின. உட்சுவர் உரசுண்டு அகவணியை இழந்த துண்டுகளே தளராதிருந்தன என்பதை அவர் கண்டு 1980இல் வெளியிட்டார். அகவணி ஏதோவொன்றைச் சுரந்து தசையைத் தளர்த்துகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. அப்பொருள் நைத்திரிக்கொட்சைட்டு என்னும் எளிய வாயுவே எனப் பின்னர்த் தெளிந்தது. 1998இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்வாயுவுக்கு ஒரு பகையுண்டு. புகைபிடித்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியவற்றாற் கலங்களில் சுப்பரொட்சைட்டு மிகுகின்றது. அது நைத்திரிக்கொட்சைட்டுடன் கணத்திற் கூடி அதனை அழிப்பதோடு, கலத்தைச் சிதைக்கும் நச்சுப்பொருள் ஒன்றையும் தோற்றுவிக்கின்றது. விரியுந்திறன் குன்றிய நாடியிற் கொழுப்புப் படிவது எளிதாகின்றது.

தேயிலைக் கொழுந்திற் கட்டெச்சின்கள் என்னும் பொருள்கள் உள. கொழுந்தை உருட்டி வளியில் ஒட்சியேற்றமடைய விடும்போது அவற்றுட் பெரும்பகுதி தியாபிளேவின் முதலிய நிறப்பொருள்களாக மாறுகின்றது. நம் சாயத்தின் செந்நிறம் இவற்றாலாயது. சோதனைக்குழாயில் இவை சுப்பரொட்சைட்டை நேரே அடக்குகின்றன. ஆனாற் குடலைக் கடந்து குருதியை அடைவதோ மிகச் சிறிதளவே. ஆகவே, நைத்திரிக்கொட்சைட்டைக் கூடுதலாக ஆக்குமாறு அகவணியைத் தூண்டுவதே இவற்றின் தொழிலாகலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். சோதனைக்குழாயிற் கண்டதை உடலிற் கண்டதாக உரைக்கும் விளம்பரங்களை யான் நம்புவதில்லை.

மனிதரிடத்தும் சோதனைகள் நடந்தன. மேற்கையை இறுகக் கட்டிச் சில நிமிடங்களின் பின் அவிழ்த்தாற் குருதி விரைந்து பாயும், நாடி விரியும். அவ்விரிவை அளப்பதே முறை. 2001இல் வெளியான பொஸ்தன் ஆய்வொன்றில், முடியுரு நாடி நோயாளர் நாளொன்றுக்கு 900 மில்லிலீற்றர் கருந்தேநீரை நான்கு வாரம் அருந்தினர். குன்றியிருந்த விரிவு திருந்தியது. 2007இல் பேர்லினில், 16 பெண்களிடம் தேநீரால் விளைந்த இதே நன்மை, பத்திலொரு பங்கு பால் சேர்த்தபோது மறைந்தது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் கட்டெச்சின்களைப் பற்றிக்கொள்கின்றது என்றனர். ஆயின், பால் சேர்ப்பினும் குருதியிற் கட்டெச்சின் குறையவில்லை என 1998இலேயே ஒல்லாந்து ஆய்வொன்று கூறியிருந்தது. வழக்கு இன்னும் தீரவில்லை. பதினாறு பேரைச் சான்றாக்கி ஒருவரது பால்தேநீரைப் பறிக்க எனக்கு மனமில்லை. யான் மட்டும் வெறுந்தேநீருக்கு மாறினேன். விடுதியிற் பழகிய நாக்குச் சில நாள் முரண்டியது. சீனியையும் குறைத்துக்கொண்டேன். உணவோடு அருந்துவதையும் விட்டேன். கீரையிலும் பயற்றிலுமுள்ள இரும்பு உடலிற் சேர்வதைத் தேநீர் தடுக்கும். குருதிச்சோகையுள்ள பெண்டிர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

இனித் தோழருக்கு விடை. மேற்கூறிய ஆய்வுகளில் அளக்கப்பட்டது கைநாடியின் விரிவே. மாரடைப்புக் குறைந்ததா, ஆயுள் நீண்டதா என்பது அவற்றில் அளக்கப்படவில்லை. மாத்திரைகளோ பல்லாயிரவரிடத்து அவ்வாறே அளக்கப்பட்டவை. இதனைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தமது மாத்திரையை எடுத்து, வெறுந்தேநீரோடு விழுங்கினார். தண்ணீரோடு விழுங்கும்படி யான் சொல்ல நேர்ந்தது.