அப்பாவுக்குத் தெரியாதா என்ன?



இன்னைக்குப் பார்க்கப் போறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச இரண்டு தலங்களின் கதை. பழனி, சுவாமிமலை. பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். மாம்பழக் கதையை 1965-ல வந்த திருவிளையாடல் படத்திலும் பார்த்திருப்போம். ஆனா பதினஞ்சு, பதினாறு வயசுல ஒரு பையனோ பொண்ணோ இருக்கிற வீட்டை மனசுல வச்சுக்கிட்டு இதே கதைகளை மறுபடி யோசிச்சுப் பாருங்க. வேற மாதிரி தெரியும்.

முதல்ல பழனி. நாரதர் கொண்டு வந்த ஞானப்பழம், உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்கே பழம். முருகன் மயிலேறிப் புறப்பட்டார். விநாயகர் அம்மையப்பரைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டார்.

அம்மையப்பனே உலகம்ங்கிற பதில் சரியானதுதான். அந்தத் தீர்ப்பைத் தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா நிஜமாவே உலகத்தைச் சுற்றிட்டு வந்து நிக்கிற பிள்ளையோட இடத்துல நின்னு பாருங்க. சொன்ன வேலையைச் சொன்னபடி செஞ்சவர் அவர்தான். வந்து பார்த்தா போட்டி முடிஞ்சு போச்சு, பழம் அண்ணன் கையில. கைலாயத்துல யாரும் அவரைத் திட்டலை. ஆனாலும் "உன் அண்ணன் எவ்ளோ புத்திசாலி பாரு"ன்னுதான் அவர் காதுல விழுந்திருக்கும். நம்ம வீட்லயும் அதே கதைதானே? "அண்ணன் உன் வயசுல எப்படிப் படிச்சான் தெரியுமா?" சொல்ற அம்மாவுக்கு அது ஒரு சாதாரண வாக்கியம், அடுத்த நிமிஷம் மறந்துடுவாங்க. கேட்ட பிள்ளைக்குப் பத்து வருஷம் ஆனாலும் மறக்காது.

தீர்ப்பு சரியாவும் இருக்கலாம், அதே தீர்ப்பால பிள்ளைக்கு வலிக்கவும் செய்யலாம். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும். டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கிற வீட்ல நடக்கிற பாதி சண்டை, இதுல எது உண்மைன்னு அடிச்சுக்கிறதுதான்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நாம சரியா கவனிக்கிறதில்லை. பிள்ளை கோபிச்சுக்கிட்டு மலைக்குப் போயிட்டார். "பசிச்சா தானா வருவான்"னு அம்மையும் அப்பனும் கைலாயத்துலயே உட்கார்ந்திருக்கலை. தேடி வந்தாங்க. "விதிமுறைப்படி பார்த்தா அண்ணன்தான் ஜெயிச்சான்"னு விளக்கம் கொடுக்கலை. "பழம் நீ"ன்னு சொன்னாங்க, அதுவே ஊர்ப் பேரா ஆச்சுன்னு சொல்லுவாங்க. முருகன் திரும்பிப் போனாரா? இல்லை. இன்னைக்கும் மலைமேல ஆண்டிக் கோலத்துல நிக்கிறார். அவங்களும் இழுத்துட்டுப் போகலை.

பழனிக்குப் போறவங்க மலைக்கோயிலோட திரும்பிடாதீங்க. கீழே ஊருக்குள்ள பெரியநாயகி அம்மன் கோயில் இருக்கு, கைலாசநாதரும் அங்கே இருக்கார். தைப்பூசத் திருவிழாவுக்குக் கொடி ஏறுறது அந்தக் கோயில்லதான். கோபிச்சுக்கிட்டு வந்த பிள்ளைக்கு எடுக்கிற விழா, அம்மா வீட்ல தொடங்குது.

இப்ப சுவாமிமலை. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைக் குட்டிச் சிறையில வச்சுட்டார் முருகன். கந்தபுராணத்துல சிவபெருமான் முதல்ல நந்தியை அனுப்புறார். முருகன் விடலை, நந்தியையும் மிரட்டி அனுப்பிடுறார். எனக்கு இந்த இடம் வந்தாலே சிரிப்பு வந்துடும். ஏன்னா எங்க வீட்லயும் ஒரு நந்தி உண்டு. எங்க அம்மா.

நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அப்பாவோட பேச்சை நிறுத்திட்டேன். என் போனை எடுத்து, நண்பனுக்கு நான் அனுப்பின மெசேஜைச் சொந்தக்காரங்க முன்னாடி சத்தமா படிச்சுட்டார். பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை, ஒரு டீச்சரைப் பத்திக் கிண்டல். ஆனா எல்லாரும் சிரிச்சாங்க. கூனிக் குறுகிப் போயிட்டேன். அன்னையிலிருந்து ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, "ஃபீஸ் கட்டணும்னு அவர்கிட்ட சொல்லும்மா." "சாப்பிட வரச் சொல்லு அவனை." எல்லாத்துக்கும் நடுவுல அம்மா. இப்படியே நாலு மாசம் போச்சு.

கதையில நந்தி திரும்பி வந்ததும் சிவபெருமான் தானே நேர்ல வர்றார். பிரம்மாவை விடச் சொல்றார், முருகன் விடுறார். அப்புறம் கேட்கிறார்: உனக்கு அந்தப் பொருள் தெரியுமா? தெரியும், கேட்கிற முறையில கேட்டா சொல்றேன்னு பதில் வருது. எந்த அப்பாவுக்கும் சுருக்குன்னு குத்துற பதில்! சிவபெருமான் சிஷ்யனா பணிஞ்சு காது கொடுத்துக் கேட்கிறார். முருகன் தகப்பன்சாமி ஆகிறார்.

எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சிவபெருமானுக்குப் பிரணவத்தின் பொருள் தெரியாதா என்ன? தெரியாம எப்படி இருக்கும்? அப்புறம் ஏன் கேட்டார்?

எங்க கதைக்கே வர்றேன். அந்த நாலு மாசம் முடியிற சமயம். ஒருநாள் ராத்திரி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பக்கத்துல தரையில உட்கார்ந்தார். நாற்காலி இருந்தும் தரையில. "சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும். ஆன்லைன்ல ட்ரெயின் டிக்கெட் எப்படிப்பா எடுக்கிறது?"ன்னு கேட்டார். முகத்தைப் பார்க்காமலே சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சேன். அவர் ஒவ்வொண்ணா கேட்டார், நான் காட்டினேன். ஒரு மணி நேரம் ஆயிருக்கும். எழுந்து போகும்போது, "அன்னைக்கு உன் மெசேஜைப் படிச்சிருக்கக் கூடாதுப்பா"ன்னு மெதுவா சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் காலையில நானே "அப்பா, ஃபீஸ்"னு கேட்டேன்.

போன வருஷம் பேச்சுவாக்குல இதை அம்மாகிட்ட சொன்னப்போ அம்மா சிரிச்சாங்க. "அவங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறதே உங்கப்பாதான்டா."

இதைப் படிக்கிற ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ தம்பி தங்கைகளே, உங்க அப்பாவும் நாளைக்கே வந்து தரையில உட்காருவார்னு நான் சொல்ல வரலை. சிலருக்கு அது வராது. அவங்க அப்பா அவங்ககிட்ட அப்படி உட்கார்ந்ததே இல்லை. நீங்களே ஒரு விஷயத்தைச் சின்னதா தொடங்கலாம். காலையில எழுந்திரிக்கலைன்னு தினமும் சண்டையா? பதின்ம வயசுல தூக்கத்தைக் கொண்டு வர்ற மெலடோனின் ஹார்மோன் பெரியவங்களை விட லேட்டாத்தான் சுரக்கும். அது சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. இதைக் கத்தாம, அவங்க டீ குடிக்கிற நேரத்துல சொல்லிப் பாருங்க. (அதுக்காக ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்த்துட்டு மெலடோனின் மேல பழி போடாதீங்க, மாட்டிப்பீங்க.) தம்பி தங்கை இருக்கிற அண்ணன் அக்காக்களுக்கும் ஒண்ணு. வீட்ல நந்தி வேலை உங்களுக்கு வந்தா, உத்தரவை மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க. "அவன் அழுதான்பா"ன்னு திரும்பி வந்து சொல்றதும் அந்த வேலைதான்.

இன்னொண்ணும் சொல்லிடணும். வீட்ல அடி, உதை, உயிர்ப் பயம்னு இருந்தா அது கோபதாபம் இல்லை. அதைப் பொறுத்துக்கிட்டு இருக்கச் சொல்ற கதை இது கிடையாது. பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிறவங்க 1098-க்கு போன் பண்ணுங்க, நம்பிக்கையான ஒரு பெரியவர்கிட்டயும் சொல்லுங்க.

சமீபத்துல ஒரு கிருத்திகைக்கு அப்பாவை சுவாமிமலைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே கீழ்த்தளத்துல மீனாட்சி சுந்தரேஸ்வரர், மேல சுவாமிநாதர். அப்பனும் அம்மையும் கீழே, பிள்ளை மேல. கீழே கும்பிட்டுட்டு ஏற ஆரம்பிச்சோம். 60 தமிழ் வருஷங்களைக் குறிக்கிற 60 படிகள். அப்பாவுக்கு இப்போ முட்டி வலி, பாதியில நின்னுட்டார். கையைப் பிடிச்சுக்கிட்டே கேட்டேன்.

"அப்பா, அன்னைக்கு உங்களுக்கு டிக்கெட் எடுக்கத் தெரியும்தானே?"

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

"மூச்சு வாங்குதுடா. மேல போய்ப் பேசிக்கலாம், வா."