வீட்டின் நினைவு ஒருவர் தலையில் மட்டுமா?



ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், அந்த வீட்டின் நாட்களை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒருவரே. அப்பம்மாவின் கிளினிக் எந்தத் திகதி? மூத்தவனின் ரியூசன் காசு கட்டியாயிற்றா? மின்சாரப் பில் வந்ததா? தண்ணீர்ப் பவுசர் என்றைக்கு வரும்? மாமா வீட்டு முப்பத்தோராம் நாள் எந்தக் கிழமை? எல்லாவற்றுக்கும் நாம் போய்க் கேட்பது அம்மாவைத்தான். அம்மா காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டால், வீடு முழுவதும் திகதி தெரியாமல் தடுமாறுகிறது.

நமது தீவகத்தில் இந்த மறதிக்குக் கொடுக்கும் விலை இன்னும் அதிகம். வேலணையில் இருப்பவர் ஒரு சிறப்பு வைத்தியரைக் காணப் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போகவேண்டும். நெடுந்தீவில் இருப்பவருக்கோ முதலில் குறிகட்டுவானுக்கு வரும் வள்ளம் கிடைக்கவேண்டும். அந்த வள்ளம் தவறினால் பல வேளைகளில் அன்றைய பயணமே தவறிவிடும். கிளினிக் நாளைத் தவறவிட்ட இரத்த அழுத்த நோயாளிக்கு, கையிலிருந்த மாத்திரை தீர்ந்துபோகிறது. எனவே நாட்களை ஒழுங்குபடுத்துதல் என்பது அலுவலகத்தாருக்கு மட்டும் உரிய கலை அன்று. குடும்பத்தின் நலத்தோடு தொடர்புடைய காரியம் ஆகும்.

இந்தச் சுமையை ஒரு தலையிலிருந்து இறக்கி, வீட்டார் எல்லோரும் காணக்கூடிய ஓரிடத்தில் வைப்பதற்கு இன்று இணையச் செயலிகள் உதவுகின்றன. அவற்றுள் மிகவும் பயன்படக்கூடிய சிலவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. இணையச் செயலி என்றால் என்ன?

கொப்பியில் எழுதுவது கொப்பியில் மட்டும் இருக்கும். கொப்பி தொலைந்தால் எழுத்தும் தொலையும். இணையச் செயலியில் எழுதுவது நம் கைத்தொலைபேசியில் மட்டும் தங்குவதில்லை. இணையத்தின் வழியாகத் தொலைவிலுள்ள பெரிய கணினிகளில் பதிவாகிறது. ஆகவே கைத்தொலைபேசி கடலில் விழுந்தாலும் குறிப்பு அழியாது. வேறொரு தொலைபேசியிலோ, வாசிகசாலைக் கணினியிலோ நமது மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அதைத் திறக்கலாம்.

இதைவிட முக்கியமான நன்மை ஒன்று உண்டு. ஒரே பக்கத்தைப் பலர் பார்க்கலாம். அனுமதி கொடுத்தால் பலர் எழுதவும் செய்யலாம். வேலணையில் தாய் எழுதியதை யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் மகனும், பாரிசில் இருக்கும் மகளும் சற்று நேரத்தில் காண்கிறார்கள்.

2. நாம் ஏற்கெனவே கற்ற பாடம்

‘இதெல்லாம் படித்த இளைஞருக்குரியது, எங்களுக்கு வராது’ என்று சொல்பவர்கள் 2022ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கவேண்டும். நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டு, மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. அந்த ஆண்டு யூலை மாதம் அரசாங்கம் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற இணையச் செயலியை அறிமுகம் செய்தது. வாகன இலக்கம், அடையாள அட்டை இலக்கம் முதலியவற்றைப் பதிந்தவுடன் கியூ.ஆர். குறியீடு ஒன்று கிடைத்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளவு குறிக்கப்பட்டது. நிரப்புநிலையத்தில் குறியீட்டைக் காட்டினால் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மீதி என்பது உடனே தெரிந்தது. 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடு நிறுத்தப்பட்டது.

கைத்தொலைபேசியை அழைப்புக்கு மட்டும் பாவித்தவர்கள்கூடக் குறியீட்டைக் கடதாசியில் அச்சடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாடு முழுவதும் தன் வாரத்தை ஓர் இணையச் செயலியைக் கொண்டு ஒழுங்கு செய்தது. தேவை வந்தபோது நாம் கற்றுக்கொண்டோம் என்பதே இதன் படிப்பினை. அன்று தேவை அரசாங்கத்திடமிருந்து வந்தது. இன்று அது நம் வீட்டிலேயே இருக்கிறது.

3. வீட்டுக்கு ஒரு பொது நாட்காட்டி

சமூகம் ஒன்று சேர்ந்து வாழ்வதற்குப் பொதுவான நாட்காட்டி வேண்டும் என்பது பழைய உண்மை. பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் 1582ஆம் ஆண்டு நாட்காட்டியைத் திருத்தியபோது, அதை உடனே ஏற்ற நாடுகளில் ஒக்டோபர் 4ஆம் திகதிக்கு அடுத்த நாள் 15ஆம் திகதியாயிற்று. ஏற்காத நாடுகளில் நெடுங்காலம் வேறு திகதி நடந்தது. அயல்நாட்டார் இருவர் ஒரே நாளை இரு திகதிகளால் அழைத்தார்கள். ஒரு வீட்டில் அப்பா ஒரு திகதியையும் பிள்ளை வேறொரு திகதியையும் நினைத்திருப்பதும் இதைப் போன்றதே.

கூகிள் கலண்டர் 2006ஆம் ஆண்டு வெளிவந்த இலவச இணையச் செயலி. அதில் ‘வீடு’ என்ற பெயரில் புதிய நாட்காட்டி ஒன்றைத் தொடங்கி, குடும்பத்தவரின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்துப் பகிரலாம். இதை முதல் முறை கணினியில் செய்வது இலகு. அதன்பின் எல்லோருடைய தொலைபேசியிலும் அது தெரியும். யார் பார்க்க மட்டும் செய்யலாம், யார் எழுதலாம் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம்.

கிளினிக், பாடசாலைப் பரீட்சை, பில் கட்டும் கடைசி நாள், வாகன வரி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் ஆகியவற்றை அதில் பதியுங்கள். மாதந்தோறும் வருவதை ஒருமுறை எழுதினால் போதும். அது தானாகவே திரும்ப வரும். நினைவூட்டலை முதல் நாள் மாலைக்கு ஒன்று, புறப்படும் வேளைக்கு ஒன்று என இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையில்தான் கிளினிக் கொப்பியைத் தேடி எடுக்க முடியும்; காலை வள்ளத்துக்கு நிற்கும்போது தேட முடியாது.

வெளிநாட்டில் பிள்ளைகளை உடைய குடும்பங்களுக்கு இதனால் மற்றொரு பயனும் உண்டு. நமது கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒரேவிதமாக ஓடுகிறது. ஐரோப்பாவிலோ மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். கனடாவின் பெரும்பகுதியில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கிறது. வேலணையில் மாலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் குளிர்காலத்தில் காலை 8.30, கோடையில் காலை 9.30. லண்டனில் முறையே பிற்பகல் 1.30, 2.30. தாத்தாவின் ஆண்டு நினைவுச் செபத்துக்கு எல்லோரும் இணையத்தில் கூடும்போது ஒரு பகுதியினர் முடிந்தபின் வந்து சேர்வது இதனாலேதான். நாட்காட்டியில் வேலணை நேரத்தைப் பதிந்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் அவரவர் நாட்டு நேரத்தில் அது தோன்றும். விரல்விட்டுக் கணக்குப் பார்க்கும் வேலை இல்லை.

4. சாமான் பட்டியலும் பொதுக் கணக்கும்

கூகிள் கீப் 2013இல் வந்தது. சிறு குறிப்புகளையும், சரி போட்டு அழிக்கக்கூடிய பட்டியல்களையும் அதில் எழுதிப் பகிரலாம். வீட்டில் சீனி முடிந்ததைக் கண்டவர் அப்போதே பட்டியலில் சேர்க்கிறார். யாழ்ப்பாணச் சந்தையில் நிற்பவர் அதைப் பார்த்து வாங்கிச் சரி போடுகிறார். எழுத்தைத் தட்டுவது கடினமென்றால் சொல்லியும் பதியலாம். கூகிளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழையும் ஏற்கிறது. கண்பார்வை குறைந்த அப்பம்மாகூடத் தனக்கு வேண்டிய தைலத்தின் பெயரை இவ்வாறு சேர்க்கலாம்.

கணக்கு எழுத கூகிள் சீட்ஸ் என்ற விரிதாள் உண்டு. 1990களின் இடப்பெயர்வுகளுக்குப் பின் தீவகத்தில் பல வீடுகளின் உரிமையாளர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஒரு சகோதரர் ஊரில் நின்று கிணறு இறைப்பிக்கிறார், கூரை மாற்றுகிறார், வேலி அடைக்கிறார். மற்றவர்கள் பணம் அனுப்புகிறார்கள். ‘அனுப்பிய காசுக்கு என்ன நடந்தது?’ என்ற ஒரு கேள்வியால் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் உண்டு. பலவேளை அங்கே நேர்மைக்குக் குறைவில்லை, எழுத்துக்குத்தான் குறைவு.

திகதி, யார் அனுப்பியது, எவ்வளவு, எதற்குச் செலவு, மீதி எவ்வளவு என்று ஐந்து நிரல் போட்ட ஒரு பக்கம் போதும். சிட்டையைப் படம் பிடித்து அதனோடு சேர்க்கலாம். கூட்டலைச் செயலியே செய்யும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் அதில் பதிவாகும். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் சந்தேகம் வளர இடமில்லை. ஊரில் நின்று உழைப்பவரின் நற்பெயருக்கும் அதுவே காவல்.

5. பெரிய வேலைக்கு ஒரு பலகை

கலியாணம், வீடு திருத்துதல், கோவில் பெருநாள் உபயம் போன்றவை ஒரு பட்டியலில் அடங்கா. இவற்றுக்கு 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ உதவும். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலை வேலை எங்கே நிற்கிறது என்பதை அட்டைகளால் காட்டிய கன்பான் முறையை இது ஒத்தது. திரையில் ஒரு பலகை. அதில் ‘செய்யவேண்டியவை’, ‘நடப்பவை’, ‘முடிந்தவை’ என மூன்று நிரல்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையில் பொறுப்பாளர் பெயர், முடிக்கவேண்டிய நாள். மண்டபம் பதிதல், அழைப்பிதழ் அச்சு, கொழும்பிலிருந்து வருவோருக்குப் புகையிரத ஆசனம் என்று அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுத்த நிரலுக்கு நகரும். ‘அதை அவன் செய்வான் என்று நினைத்தேன்’ என்ற பேச்சுக்கு இடமிராது.

இவற்றையெல்லாம் வட்ஸ்அப் குழுவிலேயே செய்யலாமே என்பீர்கள். செய்தி சொல்ல அது நல்லது. ஆனால் அங்கே எழுதிய திகதி, அடுத்துவரும் நூறு வாழ்த்துச் செய்திகளுக்குள் புதைந்துவிடுகிறது. செய்தி ஓடட்டும்; திகதி ஓரிடத்தில் நிற்கட்டும்.

6. கவனிக்கவேண்டியவை

முதலாவது, இரகசியம். இணைப்பு கையிலுள்ள எவரும் பார்க்கலாம் என்ற முறையில் குடும்பக் கணக்கைப் பகிராதீர்கள். பெயர் குறித்துப் பகிருங்கள். வங்கிக் கடவுச்சொல்லை எந்தப் பட்டியலிலும் எழுதவேண்டாம். இரண்டு படி உறுதிப்படுத்தலை இயக்கி வையுங்கள்.

இரண்டாவது, எந்தச் செயலியும் நிரந்தரமானதன்று. உலகில் பலர் விரும்பிப் பாவித்த வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் செயலியை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் வாங்கி, 2020 மே மாதம் மூடிவிட்டது. பட்டியல்களைத் தன் புதிய செயலிக்கு மாற்ற வழி செய்திருந்தாலும், கவனியாதவர்கள் இழந்தார்கள். கூகிளும் இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத கணக்குகளை நீக்கலாம் என்று 2023இல் விதி செய்தது. எனவே முக்கிய கணக்குகளின் பிரதியை ஆண்டுக்கொரு முறையாவது இறக்கி வையுங்கள்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியை ஒரு கடதாசியில் அச்சடித்தோ எழுதியோ குசினிச் சுவரில் தொங்கவிடுங்கள். தொலைபேசி இல்லாத பெரியவருக்கும் அது உதவும்.

நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. செயலி வந்தபின்னும் எல்லாவற்றையும் அம்மாவே பதிந்துகொண்டிருந்தால், சுமை இறங்கவில்லை. அவருக்கு இன்னுமொரு வேலை கூடியிருக்கிறது. பரீட்சைத் திகதியைப் பிள்ளையே பதியவேண்டும். பில் கட்டும் நாளைத் தந்தை பதியவேண்டும். நினைவூட்டல் ஒலி தாயின் தொலைபேசியில் மட்டுமன்றி, அந்த வேலைக்குப் பொறுப்பானவரின் தொலைபேசியில் ஒலிக்கவேண்டும். பொறுப்பைப் பகிராமல் பக்கத்தை மட்டும் பகிர்வதால் பிரயோசனம் இல்லை.

அதேபோல, வெறுமையாகக் கிடக்கும் நேரத்தையெல்லாம் நிரப்பவேண்டும் என்றும் எண்ணவேண்டாம். ஞாயிறு பிற்பகலை வெறுமையாகவே விடுங்கள். அயலவர் வந்து திண்ணையில் இருந்து பேசவும் ஒரு நேரம் வேண்டும்.

7. எங்கே தொடங்குவது?

எல்லாச் செயலிகளையும் ஒரே நாளில் தொடங்கினால் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கைவிடுவோம். முதல் மாதம் நாட்காட்டி மட்டும் போதும். ஒரு மாலை இராச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் கூடி இருந்து, அம்மா நினைவிலிருந்து சொல்ல, பிள்ளைகள் பதியட்டும். அம்மா எத்தனை காரியங்களை இதுவரை தனியே சுமந்தார் என்பது அன்றைக்குத்தான் வீட்டாருக்குத் தெரியவரும். அந்த ஒரு மாலையே இந்தப் பாடத்தின் பாதிப் பயன். இரண்டாம் மாதம் சாமான் பட்டியல். கணக்கும் பலகையும் தேவை வரும்போது வரட்டும்.

குடும்பமாகப் பேசிப் பார்க்க:

அ) நம் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த திகதிகள் எவை? அவர் ஒரு வாரம் இல்லாவிட்டால் எவை தவறும்?

ஆ) நமது பொது நாட்காட்டியில் எழுதும் அனுமதி யார் யாருக்கு? அவரவர் பதியவேண்டியவை எவை?

இ) ஊரிலுள்ள பொதுச் சொத்தின் வரவு செலவை எல்லாச் சகோதரரும் பார்க்கக்கூடியதாக வைத்திருக்கிறோமா?

ஈ) நம் அயலில் தனித்து வாழும் முதியவர் ஒருவரின் கிளினிக் நாளையும் நமது நாட்காட்டியில் சேர்த்துக்கொள்ள முடியுமா?

நான்காம் கேள்விக்கு ‘முடியும்’ என்று சொல்லும் ஒவ்வொரு வீட்டினாலும், இன்னொரு வீட்டில் மாத்திரை தீராமல் இருக்கும்.