சிறுநீரகங்கள்: அமைப்பும் தொழிற்பாடும் பாதுகாப்பும்

இதயம் துடிப்பதை நெஞ்சில் கையை வைத்து அறிகின்றோம். சுவாசப்பைகள் விரிந்து சுருங்குவதை மூச்சில் உணர்கின்றோம். பசி வந்தால் இரைப்பையின் நினைவு வருகின்றது. ஆனால் முதுகுப்புறத்தில் மறைந்திருந்து, இரவு பகலாக ஓசையின்றி எமது குருதியைத் துப்புரவு செய்துகொண்டிருக்கும் சிறுநீரகங்களை நாம் நினைப்பதேயில்லை. அவை பழுதடையும்போதும் பெரும்பாலும் சத்தமின்றியே பழுதடைகின்றன. நோவு எடுக்கும் வரை காத்திருப்பவர் காலம் பிந்தியே வைத்தியரிடம் செல்கின்றார். ஆகவே இவ்வுறுப்புக்கள் எவ்வாறு அமைந்துள்ளன, என்ன வேலை செய்கின்றன, அவற்றை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதை அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகும்.

அமைவிடமும் தோற்றமும்

மனிதனுக்கு இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. வயிற்றறையின் பின்புறத்தில், முள்ளந்தண்டின் இரு மருங்கிலும், கடைசி விலா என்புகளின் மட்டத்தில் இவை அமைந்துள்ளன. வலப்பக்கத்தில் ஈரல் பெரிய இடத்தைப் பிடித்திருப்பதால் வலச் சிறுநீரகம் இடச் சிறுநீரகத்திலும் சற்றுத் தாழ்வாகக் காணப்படும். போஞ்சி விதையின் வடிவத்தையும் கருஞ்சிவப்பு நிறத்தையும் கொண்ட ஒவ்வொரு சிறுநீரகமும் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீளமும் 6 சென்ரிமீற்றர் அகலமும் 3 சென்ரிமீற்றர் தடிப்பும் உடையது. நிறை 150 கிராம் அளவில் இருக்கும். அதாவது எமது கைப்பொத்தியின் அளவே. சுற்றிலும் கொழுப்புப் படை ஒன்று மெத்தை போல் அமைந்து அதிர்ச்சியிலிருந்து பாதுகாக்கின்றது.

சிறுநீரகத்தின் உட்குழிந்த பக்கத்தினூடாகச் சிறுநீரக நாடி குருதியைக் கொண்டு வருகின்றது. சிறுநீரக நாளம் துப்புரவாக்கப்பட்ட குருதியை வெளியே கொண்டு செல்கின்றது. அதே இடத்திலிருந்து சிறுநீர்க்கான் புறப்பட்டு, ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் தூரம் கீழிறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகின்றது.

சிறுநீரகம் ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் வெளிப்புறத்தில் மேற்பட்டையும் உட்புறத்தில் மையவிழையமும் தெரியும். மையவிழையத்தில் கூம்பக வடிவான பகுதிகள் பல உள்ளன. இவற்றின் நுனிகளிலிருந்து வடியும் சிறுநீர், புனல் போன்ற சிறுநீரக இடுப்பில் சேர்ந்து சிறுநீர்க்கானுக்குள் செல்லும்.

சிறுநீரகத்தி

சிறுநீரகத்தின் உண்மையான வேலையாள் கண்ணுக்குத் தெரியாத சிறுநீரகத்தி ஆகும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. பிறந்தபின் புதிய சிறுநீரகத்திகள் உருவாவதில்லை. அழிந்தவை அழிந்தவையே. இந்த உண்மையை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகத்தியின் தொடக்கத்தில் கிண்ணம் போன்ற போமனின் உறை உண்டு. 1842 ஆம் ஆண்டில் இதனை விபரித்த ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் போமனின் பெயரே இதற்கு வழங்குகின்றது. இக்கிண்ணத்தினுள் நுண்ணிய மயிர்க்குழாய்கள் நூற்பந்து போலச் சுருண்டிருக்கும். இது கலன்கோளம் எனப்படும். கிண்ணத்தைத் தொடர்ந்து நீண்ட சிறுகுழாய் செல்கின்றது. அது முதலில் மடிந்து வளைந்து, பின் கொண்டையூசி போல மையவிழையத்துள் இறங்கி ஏறி, மீண்டும் மடிந்து, ஈற்றில் சேர்க்கும் கானுடன் இணைகின்றது. இறங்கி ஏறும் பகுதி என்லேயின் தடம் எனப்படும்.

சிறுநீர் உருவாகும் விதம்

சிறுநீர் உருவாவது மூன்று படிகளில் நிகழ்கின்றது.

முதலாவது வடித்தல். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கின்றது. கலன்கோளத்துக்குள் குருதியைக் கொண்டு வரும் புன்னாடியிலும் வெளியே கொண்டு செல்லும் புன்னாடி ஒடுக்கமானது. அதனால் உள்ளே அமுக்கம் கூடுகின்றது. இந்த அமுக்கத்தினால் நீர், உப்புக்கள், குளுக்கோசு, யூரியா போன்ற சிறிய பொருட்கள் போமனின் உறைக்குள் வடிந்து விழுகின்றன. குருதிக் கலங்களும் பெரிய புரதங்களும் அரிதட்டில் தங்கும் கப்பி போல மேலே தங்கிவிடுகின்றன. இவ்வாறு வடியும் திரவம் நிமிடத்துக்கு 125 மில்லிலீற்றர். ஒரு நாளைக்கு 180 லீற்றர்! எமது உடலில் உள்ள குருதியோ ஐந்து லீற்றர் அளவே. அதே குருதி மீண்டும் மீண்டும் வந்து வடிக்கப்படுவதாலேயே இவ்வளவு பெரிய தொகை வருகின்றது.

இரண்டாவது மீள அகத்துறிஞ்சல். 180 லீற்றரும் வெளியேறினால் மனிதன் ஒரு மணித்தியாலம் கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான். தைப்பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்பவர்கள் சாமான்கள் எல்லாவற்றையும் முற்றத்தில் எடுத்து வைத்துவிட்டு, வேண்டியவற்றை மாத்திரம் திரும்ப உள்ளே கொண்டு செல்வதைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரகத்தியும் அப்படியே செய்கின்றது. முதலாவது மடிந்த பகுதியிலேயே குளுக்கோசும் அமினோவமிலங்களும் ஏறத்தாழ முழுவதும், நீரும் சோடியமும் மூன்றில் இரண்டு பங்கும் குருதிக்குத் திரும்பி விடுகின்றன. என்லேயின் தடம் மையவிழையத்தை உப்புச் செறிந்ததாக வைத்திருப்பதால், சேர்க்கும் கானில் செல்லும் திரவத்திலிருந்து மேலும் நீர் இழுத்தெடுக்கப்படுகின்றது. முடிவில் வெளியேறுவது நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் அளவு சிறுநீரே.

குளுக்கோசைத் திருப்பி எடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 100 மில்லிலீற்றர் குருதியில் குளுக்கோசு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், மிஞ்சியது சிறுநீருடன் போகும். நீரிழிவு நோயாளர் சிலரின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது சுரத்தல். வடியாமல் குருதியில் தங்கிய சில கழிவுகள், மருந்துகள், மிகையான பொற்றாசியம், ஐதரசன் அயன்கள் ஆகியவற்றைச் சிறுகுழாயின் சுவர்க் கலங்கள் குருதியிலிருந்து எடுத்துச் சிறுநீருக்குள் சேர்க்கின்றன.

நீர்ச் சமநிலை

வெயிலில் வயல் வேலை செய்து வியர்வை கொட்டிய நாளில் சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போவதையும், மழைநாளில் அடிக்கடி தெளிவாகப் போவதையும் எல்லோரும் அறிவோம். உடலில் நீர் குறைந்தால் மூளையின் ஒரு பகுதி அதனை அறிந்து, கபச்சுரப்பியினூடாகச் சிறுநீர்ப்பெருக்கெதிர் ஓமோனைக் குருதியில் விடுகின்றது. அது சேர்க்கும் கானின் சுவரில் நீர் செல்லும் வாசல்களைத் திறக்கின்றது. நீர் உடலுக்குத் திரும்புகின்றது. நீர் மிகுந்தால் ஓமோன் குறையும், வாசல்கள் மூடும். குளத்தில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துத் துருசைத் திறந்து மூடுவது போன்ற ஏற்பாடு இது.

பிற தொழில்கள்

சிறுநீரகம் கழிவகற்றும் உறுப்பு மாத்திரமன்று. குருதி அமுக்கம் குறையும்போது இரெனின் என்ற பொருளைச் சுரந்து அதனை உயர்த்துகின்றது. எரித்திரோபொயட்டின் என்ற ஓமோனைச் சுரந்து, செங்குழியங்களை உருவாக்குமாறு என்பு மச்சையைத் தூண்டுகின்றது. விற்றமின் டியைத் தொழிற்படும் நிலைக்கு மாற்றி என்புகளுக்குக் கல்சியம் கிடைக்க உதவுகின்றது. சிறுநீரக நோயாளருக்குக் குருதி அமுக்கம் ஏறுவதும், குருதிச்சோகையால் உடல் வெளிறுவதும், என்பு பலவீனப்படுவதும் இதனாலேயே.

பழுதடையும் விதம்

சிறுநீரகத்திகளில் ஒரு பங்கு அழிந்தால் எஞ்சியவை கூடுதலாக வேலை செய்து குறையை மறைத்துவிடும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் மற்றதுடன் நலமாக வாழ்வது இத்தன்மையினாலேயே. ஆனால் இதே தன்மை நோயாளரை ஏமாற்றியும் விடுகின்றது. பாதிக்கு மேல் இழந்தவரும் தனக்கு ஒன்றுமில்லை என்றே எண்ணியிருப்பார். முகமும் கணுக்காலும் வீங்குதல், சிறுநீர் நுரைத்துப் போதல், இரவில் பல தடவை சிறுநீர் கழித்தல், பசியின்மை, ஓங்காளம், உடற்கடி, களைப்பு ஆகியன தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உலகெங்கும் நாட்பட்ட சிறுநீரக நோயின் முதன்மையான காரணங்களாகும். இரண்டும் கலன்கோளத்தின் நுண்குழாய்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. எமது நாட்டில் இவற்றோடு வேறொரு துன்பமும் உண்டு. 1990 களிலிருந்து வடமத்திய மாகாணத்தின் விவசாயக் கிராமங்களில், நீரிழிவோ குருதி அமுக்கமோ இல்லாதவர்களிடமும் சிறுநீரக நோய் பெருமளவில் காணப்பட்டது. அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களுடன் வவுனியா போன்ற அயல் மாவட்டங்களிலும் இந்நோயாளர் இனங்காணப்பட்டனர். நிலத்தடி நீரின் வன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெப்பத்தில் நீரிழப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டபோதும் ஒரே காரணம் என்று எதுவும் இன்னமும் நிறுவப்படவில்லை. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும், இந்தியாவில் ஆந்திர மாநிலத்தின் உத்தானம் பகுதியிலும் இதையொத்த நோய் உண்டு. எல்லா இடங்களிலும் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் வெயிலில் உழைக்கும் ஏழைகளே.

திடீரெனச் சிறுநீரகத்தைத் தாக்கும் காரணங்களும் உள. எலிக்காய்ச்சல், கண்ணாடி விரியன் கடி, கடும் வயிற்றோட்டம் என்பன அவற்றுட் சில. இவற்றில் உடனடிச் சிகிச்சை கிடைத்தால் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். எனவே பாம்பு கடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாமல் வீட்டில் வைத்திருப்பது கூடாது. வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்கான முற்காப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறுதல் நன்று.

நாம் செய்ய வேண்டியவை

35 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது குருதி அமுக்கத்தையும் குருதி வெல்லத்தையும் பரிசோதிக்க வேண்டும். நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர்கள் இவற்றுடன் சிறுநீரில் புரதத்தையும் குருதியில் கிரியேற்றினினையும் பார்த்தல் வேண்டும். நோயை நோவு வருமுன் காட்டித் தருபவை இந்தச் சிறிய பரிசோதனைகளே.

உப்பைக் குறைத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இது ஒரு தேக்கரண்டி அளவே. கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். புகைத்தலையும் மதுவையும் விலக்க வேண்டும்.

கைகால் உளைவுக்கு டைக்குளோபினாக், ஐபுபுறூபன் போன்ற நோவு மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்கும் பழக்கம் ஆபத்தானது. அவை சிறுநீரகத்துக்கு வரும் குருதியைக் குறைக்கின்றன. வெயிலில் உழைத்து நீர் குறைந்த உடலில் இத்தீங்கு இரட்டிப்பாகும்.

சுகதேகிகள் தாகம் தீரவும் சிறுநீர் இளமஞ்சளாகப் போகவும் போதிய அளவு நீர் அருந்துதல் வேண்டும். ஆனால் சிறுநீரக நோய் முற்றியவருக்கு நீரின் அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். குளிர்ச்சி என்று எண்ணி அவருக்கு இளநீரும் பழச்சாறும் கொடுப்பது அன்பினால் செய்யும் தீங்காகும். அவற்றில் உள்ள பொற்றாசியம் வெளியேற வழியின்றிக் குருதியில் கூடி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். தமரத்தங்காய் எனப்படும் நட்சத்திரப் பழத்தை இந்நோயாளர் தொடவே கூடாது.

விரதமும் திருவிழாவும்

கந்தசஷ்டி, கேதாரகௌரி முதலிய விரதங்களை அனுட்டிப்போரில் நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் பலர். மருந்தை நிறுத்தி, நீரும் அருந்தாது உபவாசம் இருப்பது இவர்களது சிறுநீரகத்தில் எஞ்சியிருப்பதையும் கெடுத்துவிடலாம். விரதம் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லி, மருந்தின் நேரத்தையும் உணவின் அளவையும் கேட்டறிந்து அனுட்டிப்பதில் எவ்விதக் குறைவும் இல்லை. நோயாளரும் முதியோரும் கர்ப்பிணிகளும் தமக்கு இயன்ற அளவில் விரதம் இருப்பது எமது மரபில் என்றும் ஏற்கப்பட்டதே. கொடும் வெயிலில் காவடி எடுப்போரும் அங்கப்பிரதட்சணம் செய்வோரும் முன்னும் பின்னும் நீர் அருந்துதல் வேண்டும். வீதிதோறும் தண்ணீர்ப் பந்தல் வைத்த எம் முன்னோரின் தருமத்தில் இந்த உடலறிவும் அடங்கியிருந்தது. இன்று பந்தல் வைக்கும் இளைஞர்கள் சர்க்கரைத் தண்ணீருடன், சீனி சேர்க்காத தண்ணீரும் ஒரு பாத்திரத்தில் வைத்தால் நீரிழிவுள்ள அடியார்களும் தாகம் தீர்ப்பர்.

செயலிழந்தால்

சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழந்தாலும் இன்று வழிகள் உள. நெதர்லாந்தில் வில்லெம் கொல்ப் என்ற வைத்தியர் 1943 இல் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளர் ஒருவருக்குப் பயன்படுத்தினார். அதன் வழிவந்த இயந்திரங்களே இன்று குருதிச் சுத்திகரிப்பைச் செய்கின்றன. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் வரை நோயாளர் இயந்திரத்துடன் இணைந்திருக்க வேண்டும். 1954 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் யோசப் மறே தலைமையிலான குழு, இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தியது. மறேக்கு 1990 இல் நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையிலும் இவ்விரு சிகிச்சைகளும் நடைபெறுகின்றன. எனினும் வாரந்தோறும் தூர இடத்து வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவிலும் அலைச்சலிலும் ஒரு விவசாயக் குடும்பம் நொடிந்து போகின்றது. இருபது இலட்சம் சிறுநீரகத்திகள் வீட்டிலிருந்தே இலவசமாகச் செய்த வேலை அது.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினமாகும். அந்த நாளையொட்டியாவது வீட்டிலுள்ள பெரியவர்களை அழைத்துச் சென்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ஒரு குருதிப் பரிசோதனையும் செய்விப்போமாக. வருமுன் காப்பதற்கு இதனிலும் எளிய வழி இல்லை.